மூன்றாவது வரிசையில் ஒரு கட்டி

பதினெட்டு ஈயக் கட்டிகள் வார்த்துக் கொடுத்தேன். அவற்றில் ஒன்று மட்டும் தூக்கும்போது லேசாக இருந்தது. அது என் கைக்கு மட்டும் தெரியும்.

நான் தேனியில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வரைபடத்தை நீட்டினால் கோடுகளும் எண்களும் புரியும். ஓரத்தில் எழுதியிருக்கும் இங்கிலீஷ் புரியாது. ஆட்களிடம் பேசுவது எனக்கு எப்போதும் சிரமம். வேலை கொடுக்க யாராவது வந்தால் முதலாளி பேசுவார், நான் பின்னால் நின்று தலையாட்டுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது ஒரு குற்றமாக ஆகும் என்று நான் நினைத்ததில்லை.

பங்குனி மாதத்தில் ஒரு அம்மா பட்டறைக்கு வந்தார். தேவாரம் போகிற பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்கிறவர். சொந்த ஊர் கடமலைக்குண்டு பக்கம். முப்பத்தைந்து வயது இருக்கும். முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தவர், வரைபடத்தை என் பக்கம் திருப்பி, "அண்ணே, இத நீங்கதானே செய்யப் போறீக? நீங்க பாருங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

இரண்டு வேலை. ஒன்று, கையடக்கமான இரும்புப் பெட்டி. உள்ளே இரண்டு பெரிய காந்தத் தகடுகள் எதிரெதிரே உட்கார வேண்டும். முன்பக்கம் ஊசி நுழையும் அளவு ஒரு துளை. இன்னொன்று, இந்த ஈயக் கட்டிகள். அவருடைய அறைச் சுவரில் முன்பு ஜன்னல் ஏசி இருந்த சதுர ஓட்டை ஒன்று இருந்தது. அதை ஈயத்தால் அடைக்க வேண்டும். வரிசைக்கு மூன்று கட்டி, ஆறு வரிசை. ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டர் கனம்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. குளிர் வெளியே போகாமல் இருக்க என்று நினைத்துக்கொண்டேன்.

ஈயம் வார்ப்பது பெரிய வித்தை இல்லை. அச்சை முதலில் நன்றாகச் சூடு பண்ண வேண்டும். குளிர்ந்த அச்சில் ஊற்றினால் வெளிப்புறம் உடனே இறுகிவிடும், நடுவில் வெற்றிடம் நின்றுவிடும். பதினேழு கட்டிகள் ஒழுங்காக வந்தன. பதினெட்டாவதை வார்த்த நாள் வீரபாண்டித் திருவிழா. பட்டறையில் எல்லோரும் மதியமே கிளம்பிவிட்டார்கள். என் மனைவிக்கு அன்று சாயங்காலம் தீச்சட்டி எடுப்பதாக வேண்டுதல். அவளுடைய அண்ணன், என் மச்சான், நிமிடத்துக்கு ஒருமுறை போன் செய்துகொண்டிருந்தார்.

"ஏலே மாப்ள, அங்கன என்ன தாலியா உருக்குற? இங்கன உன் பொண்டாட்டி மஞ்சச் சேலையோட நிக்கிறா. ஆத்தா வந்து உன்னையக் கூட்டிட்டு வரணுமா?"

அச்சு சூடாகும்வரை நான் காத்திருக்கவில்லை. ஊற்றினேன். இறுகியதும் மேல்பக்கத்தைச் சீவினேன். கடைசிச் சீவலில் மிளகாய் விதை அளவுக்கு ஒரு ஓட்டை திறந்தது. கம்பியை விட்டுப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழம் உள்ளே போய், அங்கே தாராளமாகச் சுற்றியது.

எங்கள் பட்டறையில் வார்ப்பில் ஓட்டை விழுந்தால் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடுவோம். 'பல் அடைப்பது' என்று சொல்வோம். மோட்டார் மூடி, கிரைண்டர் கால், கம்பெனி கேட் எல்லாவற்றிலும் நாங்கள் அடைத்த பற்கள் இருக்கின்றன. யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. அன்றும் ஈயப்பொடியைப் பட்டியோடு பிசைந்து அடைத்தேன். சாம்பல் நிறம் அடித்தேன். பதினெட்டையும் வரிசையாக அடுக்கியபோது எது என்று எனக்கே பார்த்தால் தெரியவில்லை. தூக்கினால் தெரிந்தது. கை கழுவிவிட்டு வீரபாண்டிக்குப் போனேன்.

அடுத்த வாரம் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனோம். வாசலில் காக்கிச் சட்டையில் மச்சான் நின்றார். இருபது வருடம் போடிமெட்டு மலைப் பாதையில் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டியவர். முழங்கால் போனபிறகு இந்தக் காவல் வேலையில் சேர்ந்திருந்தார்.

ஆராய்ச்சி அறை பின்கட்டிடத்தில் இருந்தது. உள்ளே மார்கழி மாதம் மாதிரி குளிர். ஒரு பெரிய மேசை நிறைய கண்ணாடிகள், நடுவில் எவர்சில்வர் பீப்பாய் போல ஒன்று. அந்த அம்மா என் இரும்புப் பெட்டிக்குள் காந்தத் தகடுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். சட்டைப் பையில் இருந்த என் இரும்பு ஸ்கேல் துள்ளிப் பாய்ந்து பெட்டியில் 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அந்த அம்மாவின் விரலுக்கு ஒரு நூல் தள்ளி.

மச்சான் சிரித்தார். "பாத்தீகளா மேடம், எங்க மாப்ள வாயத் தொறக்க மாட்டாரு. அவரு ஸ்கேலு எப்படிப் பேசுது பாருங்க."

"இது எதுக்கு மேடம், இம்புட்டு பெரிய காந்தம்?" என்று அவரே கேட்டார்.

அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். "லேசர் தெரியும்ல? அந்த ஒளிய ஒரு நொடியில கோடில ஒரு பங்கு நேரத்துக்கும் கம்மியா, ஒரே புள்ளியில அடிப்போம். அப்ப அங்கன இருக்குற எலக்ட்ரான் எல்லாம் பிச்சுக்கிட்டுப் பாயும். ஒண்ணொண்ணுக்கும் எம்புட்டு சக்தின்னு அளக்கணும். அதுக்குத்தான் இந்தப் பெட்டி."

"கண்ணுக்குத் தெரியாதத எப்படி அளப்பீக?"

"நீங்க போடிமெட்டுல ஓட்டுனவுகதானே. கொண்டை ஊசி வளைவுல மெதுவா வர்றவன் என்ன செய்வான்?"

"அடக்கமாத் திரும்பிருவான்."

"வேகமா வர்றவன்?"

"அகலமாப் போயித்தான் திரும்புவான். ரொம்ப வேகமா வந்தான்னா திரும்ப மாட்டான் மேடம். நேராப் பள்ளத்துக்குத்தான்."

"அம்புட்டுத்தான். காந்தம்தான் அந்த வளைவு. சக்தி கம்மியா இருக்குறது துளை வழியா வந்து நல்லா வளைஞ்சு, உள்ள படம் பிடிக்க வெச்சிருக்குற பிளேட்டுல கிட்டக்க விழும். கூட இருக்குறது தள்ளி விழும். எங்கன விழுந்துச்சுன்னு பாத்தா எம்புட்டு சக்தியோட வந்துச்சுன்னு சொல்லிரலாம்."

மச்சானுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப நானும் விஞ்ஞானிதான் மாப்ள" என்று என் தோளில் தட்டினார்.

நான் கட்டிகளை அடுக்கினேன். லேசான கட்டி மூன்றாவது வரிசையில் நடுவில் போய் உட்கார்ந்தது. திட்டம் எதுவும் இல்லை; அந்த நேரத்தில் கைக்கு அது வந்தது. அடுக்கி முடித்ததும் அந்த அம்மா மச்சானைக் கூப்பிட்டு, சுவருக்கு வெளியே இருந்த நடைபாதையைக் காட்டினார்.

"செவப்பு லைட்டு எரியும்போது இங்கன ஒரு ஆள் நடமாடக் கூடாது. பாத்துக்கங்க."

"ஒரு ஈ எறும்ப விட மாட்டேன் மேடம்."

பத்து நாள் கழித்து முதலாளி என்னை மறுபடியும் அனுப்பினார். பெட்டியின் துளையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டுமாம். வேலை அரைமணி நேரம்தான். முடித்ததும் அந்த அம்மா என்னைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். பெட்டிக்குள் வைத்த பிளேட்டைக் கையில் பார்த்தால் வெறும் தாள் போலத்தான் இருக்கிறது. ஒரு மிஷினுக்குள் விட்டதும் திரையில் ஒரு நீளக் கோடு வந்தது. ஒரு முனை வெளிறியும் மறுமுனை கறுத்தும் இருந்தது.

"இங்கன கறுத்திருக்கு பாருங்க. இதெல்லாம் ரொம்ப வளையாம வந்ததுக. நாங்க கணக்குப் போட்டதுக்கு மேல சக்தி இருக்குண்ணே!" அவர் முகம் பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் போல இருந்தது.

எனக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. ஆனால் அந்தக் கோடு பிளேட்டின் விளிம்புவரை கறுத்திருந்தது. விளிம்போடு நிற்காது என்று பட்டது.

"இதையும் தாண்டிப் போனது?" என்றேன்.

"அது நேராப் போயி உங்க சுவத்துல முட்டும்."

"முட்டி?"

"முட்டுற எடத்துல எக்ஸ்-ரே மாதிரி கதிர் கெளம்பும். பலமான கதிர். மேசைய வேற பக்கம் திருப்ப எடமில்ல, அதான் அங்கன ஈயம் வெச்சேன். அதையும் ஈயமே பிடிச்சுக்கிரும். அஞ்சு சென்டிமீட்டர் முழுசா இருக்குல்ல, பயமில்ல."

முழுசா என்ற சொல்லை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நடைபாதையில் மச்சான் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் முதுகு ஈயச் சுவரை ஒட்டி இருந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, பிடரியைக் கட்டியின் மேல் சாய்த்திருந்தார். மூன்றாவது வரிசை.

"மச்சான், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

"ஏன், கட்டி விழுந்துருமா? நீ அடுக்குனதுதானே?"

"விழாது."

"பின்ன என்ன? இங்கனதான் ஜில்லுனு காத்து வருது. கட்டிக்கும் கட்டிக்கும் நடுவுல சந்து வெச்சிருக்க பாரு, எனக்குன்னே வெச்ச மாதிரி. வெளிய வெயில் மண்டையப் பொளக்குது."

"செவப்பு லைட்டு எரியும்போது இங்கனயா இருப்பீக?"

"அப்பத்தானலே இருக்கணும்! யாரும் வராமப் பாக்குறது யாரு? மேடமே சொன்னாக, ஒரு ஆள் வரக்கூடாதுன்னு. ரெண்டு வாத்தியாருகளத் திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

காவல்காரர் தன்னை ஒரு ஆளாகக் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் வராமல் காக்க வேண்டும் என்பதற்காக, யாரும் இருக்கக்கூடாத இடத்தில் நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருந்தார்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் சத்தம் போடுவார், எல்லோரும் கூடுவார்கள், அந்த அம்மா வருவார், நடுவில் நின்று நான் பேச வேண்டும். "முதுகு வலிக்கும், பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சாரமில்ல மாப்ள" என்றார். மலையாளத்துக்காரர்களோடு ஓட்டிய காலத்தில் பிடித்துக்கொண்ட சொல். பரவாயில்லை என்று அர்த்தம். எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அடுத்த வாரம் என் மனைவி சாப்பாடு போடும்போது சொன்னாள்: "அண்ணனுக்குப் பின்கழுத்துல அரிப்பாம். செவந்து கெடக்கு. வேர்க்குருன்னு பவுடர் போட்டுக்கிருக்காக."

"எத்தன நாளா?"

"இப்பத்தான் நாலஞ்சு நாளா. ஏன்?"

நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கோடை வெயிலில் யாருக்கும் வேர்க்குரு வரும். எனக்கே இருந்தது. ஆனால் என்னால் அதை வேர்க்குருவாகப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பட்டறைக்கு ஒரு அல்வாப் பொட்டலம் வந்தது. கல்லூரி அம்மா கொடுத்துவிட்டிருந்தார். முதலாளி எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார். "செவ்வாக்கெழம அடிச்சதுல இதுவரைக்கும் வராத அளவு சக்தி வந்துச்சாம்ப்பா. நம்ம பொட்டிதான் காரணம்னு சொன்னாக." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் பங்கைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தேன். அளவு கூடுகிறது என்றால் அந்தச் சுவரில் முட்டுவதும் கூடுகிறது. செவ்வாய்க்கிழமை மச்சானுக்கு விடுமுறை நாள் இல்லை.

அன்று மதியம் மிஞ்சிய ஈயத்தை உருக்கினேன். அதே அச்சு, அதே போல் குளிர வைத்து, அதே வேகத்தில் ஊற்றினேன். இறுகியதும் வைஸில் பிடித்து ரம்பத்தால் குறுக்கே அறுத்தேன். வெயிலில் தலைக்கு மேல் தகரம் முறுகும் சத்தம் கேட்டது. கட்டி இரண்டாகப் பிரிந்தது. நடுவில் எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்து எடுத்தது போல வெற்றிடம். இரண்டு பக்கமும் மிச்சம் இருந்த ஈயத்தை அளந்தேன். சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டர் வந்தது. மறுபடியும் அளந்தேன். அதே அளவுதான்.

இரண்டு பாதியையும் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முதலாளியிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன், தொடை மரத்துப்போனது. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

அறை வாசலில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நடைபாதையின் அந்தக் கோடியில் மச்சானின் முழங்கால்கள் மட்டும் தெரிந்தன. மணியை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன். விளக்கு அணைந்து கதவு திறந்தது.

பையிலிருந்து இரண்டு பாதிகளையும் எடுத்து அந்த அம்மாவின் மேசையில், வெட்டுமுகம் மேலே தெரியும்படி வைத்தேன். அவர் குழிக்குள் விரலை விட்டார்.

"இது அங்கன இருக்குறதா?"

"இல்ல. அதே மாதிரி செஞ்சது. அங்கன ஒண்ணு இருக்கு."

"எது?"

"மூணாவது வரிச. நடு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வார்த்த அன்னைக்கே."

அவர் திட்டவில்லை. அலமாரியிலிருந்து எனக்குக் கொடுத்த வரைபடத்தின் நகலை எடுத்து, ஓரத்தில் ஒரு வரியின் கீழே நகத்தை வைத்து வாசித்துக் காட்டினார். உள்ளே காற்றுக்குழி இருக்கக் கூடாது, இருந்தால் திருப்பி உருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததாம். அந்த வரியை எனக்குப் படிக்கத் தெரியாது. படித்திருந்தாலும் அன்றைக்கு அடைத்துத்தான் இருப்பேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவரிடம் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

"நல்லவேள, அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாக" என்று தனக்குத்தானே சொன்னார்.

"மச்சான் இருக்காக" என்றேன்.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

அந்த அம்மா மச்சானை எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டு, அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், பிடரி சாய்கிற உயரத்தில், ஒரு பிளேட்டைக் கறுப்புத் தாளில் சுற்றி ஒட்டினார். எல்லோரையும் கட்டிடத்தை விட்டு வெளியேற்றினார். ஒரு நாளில் எவ்வளவு அடிப்பாரோ அவ்வளவும் அடித்தார். நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம்.

"என்னைய விட்டுட்டு நாற்காலிய போட்டோ எடுக்குறாக மாப்ள" என்றார் மச்சான். கை பின்கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மிஷின் அந்தப் பிளேட்டைப் படிக்க நாலைந்து நிமிடம் ஆனது. திரையில் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கியது. முதலில் வெளிறிய சாம்பல். பிறகு மெல்லிய நேர்கோடுகள். கட்டிக்கும் கட்டிக்கும் இடையே நான் விட்ட சந்துகள். குளிர்ந்த காற்று வந்த வழியெல்லாம் கோடாக விழுந்திருந்தது. கடைசியில் நடுவில் ஒரு கறுப்பு. எலுமிச்சம்பழம் அளவு. விளிம்புகூடத் தெளிவாக இருந்தது.

அப்போது மச்சான் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். அந்த அம்மா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். வளைவில் திரும்பாமல் நேராகப் போனவை எங்கே போய் விழுந்தன என்று சொன்னார். இதற்குத் தானும் பொறுப்பு, இந்த நடைபாதையை வந்து பார்த்திருக்க வேண்டும் என்றார். மச்சான் திரையிலிருந்த கறுப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் 'சாரமில்ல' என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன்.

"ஏலே, அன்னைக்கு முதுகு வலிக்கும்னு சொன்னியே" என்றார். "அதுக்குப் பதிலா இத ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல."

அறையை அன்றே பூட்டினார்கள். அந்த அம்மா கல்லூரிக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். மச்சான் எந்தெந்த நாள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு, தன் நோட்டில் எலக்ட்ரான்களின் சக்தியைக் குறித்திருந்த அதே பக்கங்களில், ஒவ்வொரு நாளுக்கும் எதிரே எழுதினார். கடைசியில் கூட்டி ஒரு எண்ணை டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். எண்கள் எனக்குப் படிக்கத் தெரியும். அந்த எண் பெரியதா சின்னதா என்று மட்டும் தெரியவில்லை. அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: கழுத்து அரிப்பு வேர்க்குருவாகவே இருக்கலாம், இந்த அளவுக்குத் தோல் சிவக்காது. ஆனால் கதிர் செய்வது உடனே தெரியாது, வருடக்கணக்கில் பார்க்க வேண்டும்.

மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரும் அதையே சொன்னார். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதற்குப் பிறகும் வாருங்கள்.

நான் இரண்டு அடுக்குக்குப் போதுமான அளவு புதிய கட்டிகள் வார்த்தேன். அச்சைச் சூடாக்கி, அறுத்துப் பார்க்க இன்னொன்றும் வார்த்தேன். கட்டிகளை இரண்டு அடுக்காக, சந்தின் மேல் சந்து வராமல் மாற்றி அடுக்கினோம். அந்த அம்மா ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடையை அதன் நெற்றியில் எழுதினார். மறுபடியும் அளக்கத் தொடங்கிவிட்டார். அளவு இன்னும் கூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அல்வா வரவில்லை.

மனைவியிடம் நானே சொன்னேன். அவள் தீச்சட்டி எடுத்த நாளில்தான் அது நடந்தது என்பதையும் சொன்னேன். சாப்பாடு போடுகிறாள்; பேச்சு குறைந்துவிட்டது. முன்பு வீட்டில் குறைவாகப் பேசுகிறவன் நான் ஒருவன்தான்.

மச்சான் இப்போது கல்லூரி வாசலில், வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் உட்காருகிறார். வேர்க்குரு மழை விழுந்ததும் மறைந்துவிட்டது. ஆனாலும் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய வலதுகை தானாகப் பின்கழுத்துக்குப் போகிறது. அங்கே எதையோ தேடுவது போல விரல்கள் தடவிப் பார்க்கின்றன.

தீபாவளி முடிந்து மறுபடியும் ரத்தப் பரிசோதனை. மதுரை பஸ்ஸில் அவரோடு நான்தான் போகிறேன். அவர் ஜன்னல் ஓரத்தில் உட்காருவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கை மேலே போகிற ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருப்பேன்.